‘நிதானம் காக்க வேண்டும்’, ‘சண்டையை நிறுத்துங்கள்’: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லாபுரத்தில் எங்கள் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து செய்தித்தாள்களை விரித்துவைத்து உலகச் செய்திகளைப் பேசுவது வழக்கம். 2025-இல் அந்தப் பேச்சு பெரும்பாலும் சண்டையைப் பற்றியே இருந்தது. மே மாதம் இந்தியா–பாகிஸ்தான், ஜூனில் இஸ்ரேல்–ஈரான், ஜூலையில் தாய்லாந்து–கம்போடியா, வருடம் முழுக்கக் காஸா. ஒவ்வொரு முறையும் உலக நாடுகள் ‘இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்’ என்று அறிக்கை விட்டன. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் இருக்கிறது.

ஒரு நாடு அறிக்கை விட்டால் ஏவுகணை நின்றுவிடுமா?

நிற்காது. ஆனாலும் அறிக்கைக்கு வேலை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சண்டை போடும் அரசுக்கு, ஒரு கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று தோன்றினாலும் சொந்த மக்களிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும். ‘பயந்து நிறுத்தினோம்’ என்று எந்த அரசும் சொல்லாது. ‘நட்பு நாடுகள் கேட்டுக்கொண்டதால் நிறுத்தினோம்’ என்று சொல்லலாம். அந்த மரியாதையான வழியை முன்கூட்டியே திறந்துவைப்பது அறிக்கையின் முதல் வேலை. வெளியே அறிக்கை வரும் அதே நேரத்தில், உள்ளே வெளியுறவு அமைச்சர்களும் பாதுகாப்பு ஆலோசகர்களும் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாம் படிப்பது அந்தப் பேச்சில் வெளியே தெரியும் சிறு பகுதிதான்.

ஒரு அறிக்கையைப் படிக்கும்போது நான் மூன்று விஷயங்களைத் தேடுவேன். எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று இருக்கிறதா? இரு தரப்பும் எந்த வழியாகப் பேசிக்கொள்வார்கள் என்று இருக்கிறதா? நிறுத்தினார்களா இல்லையா என்று களத்தில் நின்று பார்க்கப் போவது யார்? மூன்றும் இல்லாத அறிக்கை வெறும் விருப்பம். மூன்றாவது மட்டும் விட்டுப்போனால்கூட ஆபத்துதான். ஏன் என்று இலங்கை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சண்டை நிறுத்தம், இடைநிறுத்தம், சமாதான ஒப்பந்தம் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. செய்தி படிக்கும்போது பலரும் குழம்புவது இங்கேதான்.

மனிதாபிமான இடைநிறுத்தம் என்பது சில மணி நேரம் அல்லது சில நாள், குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக. காஸாவில் 2024-இல் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ வந்தது. 25 ஆண்டுகளில் அங்கே அதுதான் முதல். அந்த செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சில மணி நேரம் குண்டுவீச்சை நிறுத்தி, முதல் சுற்றில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மருந்து கொடுத்து முடித்ததும் போர் தொடர்ந்தது. கொடுமைதான், ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு மருந்து கிடைத்தது. எல் சால்வடாரில் 1985-இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே தடுப்பூசிக்காக இதேபோல நாள் குறித்தார்கள்.

சண்டை நிறுத்தம் என்றால் இரு தரப்பும் சுடுவதை நிறுத்துவது. எந்தப் பிரச்சினைக்காகச் சண்டை வந்ததோ அது அப்படியே இருக்கும். கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது இதைவிட ஒரு படி விரிவான ராணுவ ஒப்பந்தம். எல்லைக்கோடு, அதன் இருபுறமும் சேர்த்து 4 கிலோமீட்டர் அகலத்துக்குப் படைகள் இல்லாத பகுதி, கைதிகள் பரிமாற்றம் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கைதிகள் பிரச்சினையைக் கவனித்த நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைமை வகித்தது இந்தியா. பொறுப்பில் இருந்தவர் ஜெனரல் திம்மையா. அதைப் பேசி முடிக்க இரண்டு வருடம் ஆனது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. வராமலேயே 70 வருடத்துக்கு மேல் பெரும் போர் இல்லாமல் ஓடிவிட்டது.

‘உடனடியாக நிறுத்த வேண்டும்’ என்கிறார்கள். ‘உடனடி’ என்றால் எப்போது?

நல்ல கேள்வி. கடிகாரத்தில் ஒரு நேரத்தைக் குறிக்காமல் எந்தச் சண்டையும் நிற்பதில்லை.

2025 மே 10, சனிக்கிழமை. பாகிஸ்தான் ராணுவத்தின் நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர் (செய்திகளில் டி.ஜி.எம்.ஓ. என்று வரும்) பிற்பகல் 3.35 மணிக்கு நம் டி.ஜி.எம்.ஓ.வைப் போனில் அழைத்தார். நிலம், வான், கடல் மூன்றிலும் மாலை 5 மணி முதல் நிறுத்துவது என்று முடிவானது. இடையில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் எல்லையில் உள்ள ஒவ்வொரு சாவடிக்கும் உத்தரவு போய்ச் சேர வேண்டும். அன்றிரவே ஸ்ரீநகரில் வெடிச்சத்தம் கேட்டது. மீறல் நடந்திருப்பதாக வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி சொன்னார். மே 12 அன்று இரு அதிகாரிகளும் மறுபடி பேசினார்கள். அதன் பிறகு நின்றது.

முதல் உலகப் போர் முடிந்த 1918 நவம்பர் 11-ஐ நினைத்தால் எனக்கு இன்றும் மனது கேட்பதில்லை. அதிகாலை ஐந்து மணி வாக்கில் கையெழுத்தானது. காலை 11 மணிக்கு அமலுக்கு வந்தது. இடைப்பட்ட அந்த ஆறு மணி நேரமும் சண்டை நடந்தது, ஆட்கள் செத்தார்கள். ஹென்றி கந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10.59-க்குச் செத்தார்.

இன்னொன்று: 1973 அக்டோபர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தன் 338-ஆவது தீர்மானத்தில், அரபு–இஸ்ரேல் போரை 12 மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொன்னது. சண்டை நிற்கவில்லை. கெடு முடிந்த பிறகுதான் எகிப்தின் மூன்றாவது படையை இஸ்ரேல் முழுதாகச் சுற்றி வளைத்தது. மறுநாள் இன்னொரு தீர்மானம், 25-ஆம் தேதி மூன்றாவது தீர்மானம். அந்த மூன்றாவதில்தான் ஐ.நா. படையை நடுவில் நிறுத்த முடிவெடுத்தார்கள். ஆட்கள் போய் நின்ற பிறகுதான் நிலைமை அடங்கியது.

கேட்காத நாட்டைக் கேட்க வைக்க மேலே யாரும் இல்லையா?

நம் ஊர்ப்பக்கம் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று இரண்டு தரப்புக்குத் தகராறு வந்தால், தாலுகா ஆபீசில் தாசில்தார் சமாதானக் கூட்டம் போடுவார். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், நடுவில் இன்ஸ்பெக்டர். பேசி முடித்து எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். திருவிழா அன்று பந்தோபஸ்து நிற்கும். மீறினால் வழக்கு வரும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். உலக அளவில் இந்தக் கூட்டம் உண்டு, கையெழுத்தும் உண்டு. மேலே உட்கார்ந்திருக்கும் தாசில்தார் மட்டும் கிடையாது.

அவருடைய இடத்தில் வைத்துப் பார்க்கக்கூடியது பாதுகாப்பு கவுன்சில். 15 நாடுகள், தீர்மானம் நிறைவேற 9 வாக்கு வேண்டும், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்தில் ஒன்று எதிர்த்து வாக்களித்தாலும் தீர்மானம் விழுந்துவிடும் (இதைத்தான் வீட்டோ என்கிறார்கள்). அந்த ஐவரில் ஒருவர் பெரும்பாலும் சண்டை போடும் தரப்பில் ஒன்றுக்கு வேண்டியவராக இருப்பார்.

காஸாவில் நடந்தது இதுதான். ஐ.நா. பொதுச்செயலர் அந்தோனியோ குட்டெரெஸ் 2023 டிசம்பர் 6 அன்று, ஐ.நா. சாசனத்தில் மிக அபூர்வமாகவே பயன்படும் 99-ஆவது பிரிவைக் கையிலெடுத்துக் கவுன்சிலை எச்சரித்தார். இரண்டு நாள் கழித்து வாக்கெடுப்பு: 13 நாடுகள் ஆதரவு, பிரிட்டன் விலகல், அமெரிக்கா வீட்டோ. 2024 மார்ச் 25 அன்று அமெரிக்கா விலகி நின்றதால் ரம்ஜான் மாதச் சண்டை நிறுத்தத்தைக் கோரும் தீர்மானம் 14 வாக்குகளோடு நிறைவேறியது. ஆனால் போர் நிற்கவில்லை. 2025 ஜூன் 4 அன்று மறுபடி 14 நாடுகள் ஆதரவு, மறுபடி அமெரிக்கா வீட்டோ. இதைப் படித்துவிட்டு ஒரு கல்லூரி மாணவி, “அப்ப அந்த 14 பேரும் எதுக்கு சார்?” என்று கேட்டாள். அவள் கோபம் நியாயமானது. எனக்கும் அதே கோபம்தான்.

அப்படியானால் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பு சும்மாவா? இந்தியா எப்படி வாக்களித்தது?

பொதுச்சபைத் தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே வீட்டோ கிடையாது. ஒவ்வொரு நாடும் எந்தப் பக்கம் நின்றது என்பது பதிவாகிவிடும்.

காஸா விஷயத்தில் 2023 அக்டோபர் 27 வாக்கெடுப்பில் இந்தியா விலகியது. ஹமாஸ் நடத்திய அக்டோபர் 7 தாக்குதலைத் தீர்மானம் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்பது நம் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. அதே வருடம் டிசம்பர் 12 அன்று ஆதரித்த 153 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2025 ஜூன் 12 அன்று 149 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தில், விலகிய 19 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அந்த ஜூன் விலகல் எனக்கு வருத்தம்தான். சர்வதேச அமைதியை வளர்க்க முயல வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 51-ஆவது பிரிவே சொல்கிறது. பட்டினியில் குழந்தைகள் கிடக்கும்போது ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல 149 பேர் முன்வந்த இடத்தில் நாமும் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படிப்பகத்தில் இதை ஏற்காதவர்களும் உண்டு. ஆயுதம், தொழில்நுட்பம், பயங்கரவாத எதிர்ப்பு ஆகியவற்றில் இஸ்ரேலோடு நமக்குள்ள உறவை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். அந்த உறவு உண்மை என்பதை நானும் ஏற்கிறேன்.

பாகிஸ்தான் விஷயத்தில் மட்டும் ‘மூன்றாம் நபர் வேண்டாம்’ என்று இந்தியா ஏன் சொல்கிறது?

1972 ஜூலையில் கையெழுத்தான சிம்லா ஒப்பந்தம்தான் அடிப்படை. தகராறுகளை இரு நாடுகளும் தமக்குள் பேசித் தீர்ப்பது என்று அதில் இருக்கிறது. மே 10 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் தான் மத்தியஸ்தம் செய்ததாக முந்திக்கொண்டு அறிவித்தார். இரு ராணுவங்களும் நேரடியாகப் பேசி முடிவெடுத்தன என்று இந்தியா சொன்னது. 2021 பிப்ரவரி 25 அன்று இரு டி.ஜி.எம்.ஓ.க்களும் கூட்டறிக்கை விட்டுக் கட்டுப்பாட்டுக் கோட்டில் சுடுவதை நிறுத்தினார்கள். பெரிய விழா எதுவும் இல்லாமல் வந்த அந்த அறிவிப்பு ஏறத்தாழ நான்கு வருடம் தாங்கியது. இரு ராணுவங்களுக்கும் நடுவே உள்ள நேரடி போன் தொடர்பு (ஹாட்லைன்) எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கத்தார், நார்வே மாதிரி சின்ன நாடுகள் எப்படி நடுவில் வருகின்றன?

இரு தரப்போடும் பேசக்கூடிய ஆள் என்பதுதான் முதல் தகுதி; படை பலம் அல்ல. கத்தாரில் அமெரிக்காவின் பெரிய விமானத் தளம் அல் உதெய்த் இருக்கிறது. 2012 முதல் ஹமாஸின் அரசியல் அலுவலகமும் அதே நாட்டில்தான். ஆகவே அமெரிக்காவுக்கும் போன் போகும், ஹமாஸுக்கும் சேதி போகும். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: 2025 ஜூனில் ஈரான் அல் உதெய்த்தை நோக்கி ஏவுகணை வீசியது, செப்டம்பர் 9 அன்று இஸ்ரேல் தோஹாவிலேயே ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்துத் தாக்கியது. அதன் பிறகும் கத்தார் ஒதுங்கவில்லை. அக்டோபர் 10 அன்று காஸாவில் சண்டை நிறுத்தம் வந்ததில் எகிப்து, துருக்கி, அமெரிக்காவோடு கத்தாருக்கும் பங்கு உண்டு.

தாய்லாந்தும் கம்போடியாவும் சிவன் கோயிலுக்காகவா சண்டை போட்டன?

மீனாட்சி கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதாலோ என்னவோ, இந்தக் கேள்வி இங்கே நிறைய வருகிறது. கோயிலைச் சுற்றியுள்ள எல்லைக்காகத்தான் சண்டை. மலை உச்சியில் உள்ள பிரே விஹார் கெமர் மன்னர்கள் சிவனுக்குக் கட்டியது. அது கம்போடியாவுக்குச் சொந்தம் என்று சர்வதேச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்புச் சொன்னது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வரைபடத்தில் கோடு எங்கே போகிறது என்ற வழக்கு அதோடு முடியவில்லை. 2025 ஜூலை 24 அன்று பெரிதாக வெடித்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கு அந்த வருடம் தலைமை வகித்த மலேசியா, இரு பிரதமர்களையும் புத்ரஜெயாவுக்கு வரவழைத்து 28-ஆம் தேதி பேசவைத்தது. அன்று நள்ளிரவு முதல் நிறுத்தம். டிசம்பரில் மறுபடி மூண்டது. மாதக் கடைசியில் மறுபடி ஒப்பந்தம். இரு பக்கமும் லட்சக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் ஏன் இப்படி உடைந்துகொண்டே போகிறது?

ஒரு தரப்பு தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைக்கும்வரை நிறுத்த மனது வராது. அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ-கராபாக் பகுதியில் 2020 அக்டோபரில் அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் மூன்று முறை சண்டை நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன. முதல் முறை ரஷ்யா பேசிவைத்தது. கடைசி முறை அமெரிக்கா. ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் உடைந்தது. நவம்பர் 10 அன்று வந்தது மட்டும் நின்றது, அதுவும் ஷூஷா நகரம் அஜர்பைஜான் கைக்குப் போன பிறகு. அன்றே ரஷ்யப் படையினர் களத்துக்குக் கிளம்பினார்கள். அதுகூட 2023 செப்டம்பரில் முடிந்துபோய், அங்கிருந்த ஆர்மீனியர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

2002-இல் இலங்கையில் சண்டை நிறுத்தம் வந்ததே, அது எதனால் நிலைக்கவில்லை?

ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் ஒரு அண்ணன் கேட்டது. மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் இருப்பவர்களுக்கு இது படித்துத் தெரிந்துகொண்ட செய்தி அல்ல. அதனால் கவனமாகவே எழுதுகிறேன்.

2002 பிப்ரவரி 23 அன்று அமலுக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் கையெழுத்திட்டார்கள், நார்வே அனுசரணை. மேலே நான் சொன்ன மூன்றும் அதில் ஓரளவு இருந்தன. நேரம் குறித்திருந்தது. நார்வே வழியாகப் பேச வழி இருந்தது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து நாட்டவர்கள் அடங்கிய கண்காணிப்புக் குழு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தது. ஏப்ரலில் ஏ-9 சாலை திறந்தது. பல வருடம் மூடிக்கிடந்த கண்டி–யாழ்ப்பாணம் வழியில் பஸ் ஓடியது. முகாமில் பெட்டி கட்டத் தொடங்கிய குடும்பங்களைப் பற்றி அந்த அண்ணனே சொன்னார்.

கண்காணிப்புக் குழுவுக்கு மீறலைப் பதிவு செய்யத்தான் அதிகாரம், தடுக்கவோ தண்டிக்கவோ இல்லை. பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. அதிகமானவை புலிகள் பெயரில், அரசுத் தரப்பு மீறல்களும் இருந்தன. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. ஒன்றியத்தைச் சேர்ந்த நாட்டவர்கள் கண்காணிப்பில் இருக்கக் கூடாது என்று புலிகள் சொல்ல, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் கிளம்பினார்கள். நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிச்சம். போர் பெரிதாக மூண்டபோது களத்தில் பார்க்கப் போதுமான ஆள் இல்லை. ஆகஸ்டில் ஏ-9 மறுபடி மூடப்பட்டது.

ஒப்பந்தத்திலிருந்து விலக 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. கொழும்பு அதை அப்படியே பின்பற்றியது: 2008 ஜனவரி 2 அன்று அறிவிப்பு, 16 அன்று விலகல். போருக்குப் போவதற்கும் முறையாக நோட்டீஸ் கொடுத்தார்கள்.

2009-இல் உலகமே கேட்டுக்கொண்டதே. ஏன் நிறுத்தவில்லை?

உலகமே கேட்கவில்லை என்பதுதான் உண்மை. கேட்டவர்களும் தாழ்ந்த குரலில்தான் கேட்டார்கள்.

தமிழகம் கொந்தளித்தது. டெல்லியிலிருந்து பிரணாப் முகர்ஜி ஜனவரியில் கொழும்பு போய்வந்தார். ஏப்ரல் 27 அன்று முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். அன்றே, இனி கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று இலங்கை அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் மக்கள் நெருக்கமாக இருந்த பகுதிகளில் குண்டு விழுந்ததற்கு நம்பகமான குற்றச்சாட்டுகள் உண்டு என்று, பின்னாளில் பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. மக்கள் வெளியேறாதபடி புலிகள் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் மதிப்பீடு.

பாதுகாப்பு கவுன்சிலின் முறையான நிகழ்ச்சி நிரலில் இலங்கை ஏறவே இல்லை. மே 13 அன்று பத்திரிகைகளுக்கு ஒரு அறிக்கை வந்தது. ஐந்தாறு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை முடிவு அதற்கு எட்டு மாதம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதால், ஐ.நா. தன் வெளிநாட்டு ஊழியர்களை வன்னியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டது. கிளிநொச்சியில் மக்கள் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று, போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். அவர்கள் போனார்கள். செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் கப்பல் வைத்துக் காயம்பட்டவர்களையும் உடன் வந்தவர்களையும் பத்தாயிரத்துக்கும் மேல் மீட்டது. ஐ.நா. கடமை தவறியதை 2012 நவம்பரில் வெளியான அதன் சொந்த உள்விசாரணை அறிக்கையே ஒப்புக்கொண்டது. பார்க்க ஆளில்லாத இடத்தில் வாக்குறுதி மீறப்பட்டதா என்பதை அந்த நேரத்தில் யார் சொல்வது? அதனால்தான் எந்தச் சண்டை நிறுத்தக் கோரிக்கையிலும் கண்காணிப்பாளர் யார் என்று நான் முதலில் தேடுகிறேன்.

நிறுத்தச் சொல்வது, ஏற்கெனவே நிலத்தைப் பிடித்தவனுக்கு உதவுவதாகாதா?

சில நேரம் ஆகும். கிழக்கு உக்ரைனில் 2015 பிப்ரவரி 15 முதல் நிறுத்தம் என்று மின்ஸ்கில் பேசினார்கள். அது தொடங்கிய சில நாளிலேயே தெபால்ட்செவ நகரை ரஷ்ய ஆதரவுப் படை பிடித்துக்கொண்டது. நிறுத்தம் அந்த மாற்றத்தைத் தடுக்கவில்லை.

இதற்கு மாற்றாக ஒரு முன்னுதாரணம் உண்டு. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்த நாளே பாதுகாப்பு கவுன்சில் 660-ஆவது தீர்மானத்தைப் போட்டது. ‘இரு தரப்பும் நிறுத்துங்கள்’ என்பதோடு விடவில்லை; முந்தின நாள் எங்கே நின்றாயோ அங்கே திரும்பிப் போ என்று ஈராக்கிடம் சொன்னது. அத்துமீறியவன் யார் என்று தெளிவாக இருக்கும்போது இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்துப் புத்தி சொல்வது நியாயமில்லை. சரி, அதற்காக உயிர்கள் போகும்போது காத்திருக்கவும் முடியாது. நிறுத்தமும் வெளியேற்றமும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

போட்டித் தேர்வுக்கு எதை நினைவில் வைக்க வேண்டும்?

ஐ.நா. சாசனத்தில் 2(4): பலத்தைப் பிரயோகிக்கத் தடை. 33: பேசித் தீர்க்கும் வழிகள். 51: தற்காப்பு உரிமை. 99: பொதுச்செயலர் கவுன்சிலின் கவனத்துக்குக் கொண்டுவருவது. நம் அரசியலமைப்பில் இருப்பதும் 51 என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மகன் தோஹாவில் இருக்கிறான். சண்டை என்று டிவியில் வந்ததும் நான் என்ன செய்ய வேண்டும்?

மேலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் 2025 ஜூன் 23 இரவு முழுக்கத் தூங்காமல் இருந்துவிட்டு வந்து கேட்டது. அன்றிரவு கத்தார் தன் வான்வெளியை மூடியது. அமீரகம், குவைத், பஹ்ரைன் வான்வெளியும் சில மணி நேரம் மூடிக்கிடந்தது. நடுவானில் இருந்த விமானங்கள் திரும்பின. மறுநாள் சண்டை நிறுத்தம் வந்தது. ஆனால் விமானங்கள் ஒழுங்குக்கு வர அதற்கு மேலும் நேரம் பிடிக்கும். மாட்டுத்தாவணியில் வளைகுடாவுக்கு மல்லிகை அனுப்பும் வியாபாரிகளைக் கேட்டால், ஒரு விமானம் ரத்தானால் அன்றைய பூ என்னாகும் என்று சொல்வார்கள்.

மகனிடம் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். அமைதியான நாளில் செய்ய வேண்டிய வேலை இது. அதே ஜூனில் ஈரானிலிருந்து நம் மாணவர்களைத் தரைவழியாக ஆர்மீனியாவுக்குக் கொண்டுபோய் டெல்லிக்கு அழைத்துவந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் தூதரகம் முதலில் பார்ப்பது கையிலிருக்கும் பட்டியலைத்தான். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலும் உங்கள் கையில் ஒன்று இருக்கட்டும். கம்பெனியின் சரியான பெயர், தங்குமிடம், உடன் இருக்கும் இரண்டு பேரின் போன் நம்பர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பலருக்கும் ‘தோஹா’ என்பதற்கு மேல் தெரியாது. குறை இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் பதியலாம். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நல அலுவலகமும் இருக்கிறது. ஏவுகணை பறப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். அந்த நாடுகளில் அது அவனை வழக்கில் மாட்டிவிடக்கூடும்.

அப்புறம், டிவியில் ‘சண்டை நிறுத்தம்’ என்று ஓடினால் அன்றே டிக்கெட் போடாதீர்கள். முதல் இரண்டு நாளில்தான் மீறல் அதிகம். வான்வெளி திறந்ததா என்பதை விமான நிறுவனத்திடமே கேளுங்கள்.

மதுரையில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும்?

கையெழுத்து இயக்கம், ஊர்வலம் எல்லாம் செய்யலாம், நானும் போயிருக்கிறேன். இவற்றைவிடக் குறைவாகவே பயன்படுத்தப்படும் வழி நாடாளுமன்றக் கேள்வி. எம்.பி. எழுத்தில் கேள்வி கொடுத்து அது ஏற்கப்பட்டால் வெளியுறவு அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் நிரந்தரமாகப் பதிவில் இருக்கும். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே எம்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

எழுதுமுன் உங்கள் தொகுதியைச் சரிபாருங்கள். மேலூரும் மாநகர்ப் பகுதியின் பெரும்பகுதியும் மதுரைத் தொகுதி. திருப்பரங்குன்றம், திருமங்கலம்காரர்கள் விருதுநகர் எம்.பி.யிடம் போக வேண்டும். உசிலம்பட்டி, சோழவந்தான்காரர்கள் தேனி எம்.பி.யிடம். பொதுவாக ‘அமைதி வேண்டும்’ என்று எழுதாமல், இன்ன தேதித் தீர்மானத்தில் இந்தியா எப்படி வாக்களித்தது, காரணம் என்ன, கண்காணிப்புக்கு ஆள் அனுப்ப இந்தியா முன்வந்ததா என்று கேளுங்கள். லெபனானில் 1998 முதல் ஐ.நா. படையில் நம் பட்டாலியன் இருக்கிறது. அந்தப் படையின் பணி 2026 டிசம்பர் 31-உடன் முடியும் என்று கவுன்சில் தீர்மானித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த எல்லையை யார் பார்ப்பார்கள் என்பது இப்போதே கேட்கக்கூடிய ஒரு கேள்வி.